ரோட்டரி இஞ்சின் பொருத்திய வீட்டுத்தயாரிப்பு விமானம்: புரொப்பெல்லர் பிட்சும் இஞ்சின் வேகமும் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

மாஸ்டா 13பி இஞ்சினைத் தன் விமானத்தில் பொருத்தியவர் முதல்முறை முழுத் திராட்டில் கொடுக்கும்போது டாக்கோமீட்டர் (நிமிடத்துக்கு இஞ்சின் எத்தனை சுற்று என்று காட்டும் கருவி) முள் 6,000-ஐத் தாண்டுகிறது. கை தானாகவே பின்னால் இழுக்கப் பார்க்கிறது. லைக்கமிங் ஓ-320 போன்ற வழக்கமான பிஸ்டன் விமான இஞ்சின்களுடன் பழகியவருக்கு 2,700 என்பதே சிவப்புக்கோடு, அதாவது உச்ச வரம்பு. 6,000 என்றால் ஏதோ உடையப் போகிறது என்றே தோன்றும். இந்தப் பயத்தில் பலர் பிட்சை, அதாவது புரொப்பெல்லர் பிளேடின் சாய்வைக் கூட்டி இஞ்சினை அடக்கிவிடுகிறார்கள். பிறகு ஓடுபாதையின் பாதி கடந்தும் சக்கரம் தரையை விடவில்லை என்று இஞ்சினைக் குறை சொல்கிறார்கள். நான் பார்த்த வரையில், ரோட்டரி விமானங்களில் பாதிக் குறைபாடு இந்த ஒரு தவறிலிருந்தே கிளம்புகிறது.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். முதல் உலகப்போர்க் கால நோம், லெ ரோன் இஞ்சின்களுக்கும் ரோட்டரி என்றுதான் பெயர். அவற்றில் சிலிண்டர்கள் புரொப்பெல்லரோடு சேர்ந்தே சுற்றும். இங்கே பேசுவது ஃபீலிக்ஸ் வாங்கெல் வகுத்த முக்கோண ரோட்டார் இஞ்சினைப் பற்றி. மாஸ்டா ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 கார்களிலிருந்து கழற்றி, அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகைகளில் ஆர்வி வகை விமானங்களிலும் கோஸி போன்ற விமானங்களிலும் பொருத்தப்படுவது இதுதான்.

கணக்குகளுக்காக இரண்டு இருக்கை கொண்ட, ஆர்வி போன்ற வேகமான ஒரு விமானத்தை எடுத்துக்கொள்கிறேன். இஞ்சின் டர்போ இல்லாத 13பி. 8,000 அடி உயரத்தில் முழுத் திராட்டிலில் 170 நாட் (மணிக்கு 170 கடல் மைல்) எதிர்பார்க்கிறோம். உங்கள் விமானத்தின் எண்கள் வேறாக இருக்கும். கணக்கு போடும் முறை மாறாது.

முதலில், அந்த 6,000 என்ன சொல்கிறது?

டாக்கோமீட்டர் காட்டுவது ரோட்டாரின் வேகம் அல்ல, நடுவிலிருக்கும் எக்சென்ட்ரிக் தண்டின் வேகம். தண்டு மூன்று முறை சுற்றினால் ரோட்டார் ஒரு முறைதான் சுற்றும். ஆகவே முள் 6,000-இல் நிற்கும்போது ரோட்டார் சுற்றுவது வெறும் 2,000. பிஸ்டன் இஞ்சினைப் போல மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வரும் உறுப்பு எதுவும் இதில் இல்லை. வால்வும் இல்லை, வால்வு ஸ்பிரிங்கும் இல்லை. ஆர்எக்ஸ்-8 காரின் கையால் கியர் மாற்றும் வகையில் சிவப்புக்கோடு 9,000-இல் இருந்தது.

இரண்டு ரோட்டாரும் சேர்ந்து 1.3 லிட்டர்தான். இவ்வளவு சிறிய இஞ்சின் ஒரு சுற்றுக்குத் தரும் முறுக்குவிசைக்கு ஒரு வரம்பு உண்டு. பயன்படும் வேக எல்லைக்குள் அது பெரிதாக மாறுவதும் இல்லை. எனவே சக்தி வேண்டுமென்றால் சுற்றுத்தான் வேண்டும். முறுக்குவிசை மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், 7,000-இல் கிடைக்கும் சக்தியில் 5,600-இல் கிடைப்பது 80 சதவீதம். 4,900-இல் 70 சதவீதம். மிதிவண்டியைப் பெரிய கியரில் போட்டுக்கொண்டு மேட்டில் மிதிப்பவரின் நிலைதான் பிட்ச் கூடிப்போன ரோட்டரிக்கும். கால் வலிக்கும், வண்டி நகராது.

படி 1: இஞ்சின் வேகத்தை முடிவு செய்யுங்கள், புரொப்பெல்லரை அப்புறம் பார்க்கலாம்

நண்பர் ஒருவர் விற்கிறார், மலிவாகக் கிடைக்கிறது என்று புரொப்பெல்லரை முதலில் வாங்கிவிட்டு அதற்கு இஞ்சினை ஒத்துப்போக வைக்க முயல்வது குதிரைக்கு முன்னால் வண்டியைக் கட்டுவது. சமதளப் பறப்பில் முழுத் திராட்டிலில் இஞ்சின் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை முதலில் தாளில் எழுதுங்கள். நம் உதாரணத்தில் 7,000 என்று வைக்கிறேன். உங்கள் காற்று உள்வாங்கும் குழாய்களின் நீளம் எந்த வேகத்துக்கு ஒத்திசைகிறது, குளிரூட்டும் அமைப்பு எவ்வளவு தாங்கும், கியர்பாக்ஸ் செய்தவர் என்ன வரம்பு சொல்கிறார் என்ற மூன்றையும் வைத்து இந்த எண் முடிவாகும்.

படி 2: கியர் விகிதமும் விட்டமும்

7,000 சுற்றில் புரொப்பெல்லரை நேரடியாகச் சுழற்ற முடியாது. நடுவே வேகம் குறைக்கும் கியர்பாக்ஸ் வேண்டும். ரோட்டரிக்காரர்களிடையே அதிகம் காதில் விழும் விகிதங்கள் இரண்டு: 2.17, 2.85. வித்தியாசம் சிறியதாகத் தெரியும். பிளேடு முனையின் வேகத்தைக் கணக்கிட்டால் அப்படித் தெரியாது.

பிளேடு முனை ஒலிவேகத்தை நெருங்கினால் சத்தம் கூடும், இழுவிசை குறையும். விமானத்தின் முன்னோக்கிய வேகத்தையும் சேர்த்து, முனையின் வேகம் ஒலிவேகத்தில் 0.8 மடங்குக்குள் இருப்பது நல்லது. 8,000 அடியில் வழக்கமான வெப்பநிலையில் ஒலிவேகம் நொடிக்குச் சுமார் 331 மீட்டர்.

2.85 விகிதத்தில் 7,000-ஐ வகுத்தால் புரொப்பெல்லர் 2,456 சுற்று. விட்டம் 74 அங்குலம் என்றால் முனையின் சுழல்வேகம் நொடிக்கு 242 மீட்டர். 170 நாட் என்பது நொடிக்குச் சுமார் 87 மீட்டர். இரண்டையும் செங்கோண முக்கோணமாகக் கூட்டினால் 257, ஒலிவேகத்தில் 0.78. நிம்மதி.

அதே 7,000-ஐ 2.17 விகிதத்தில் போட்டுப் பாருங்கள். புரொப்பெல்லர் 3,226 சுற்று. அதே 74 அங்குல விட்டத்தில் முனை ஏறக்குறைய ஒலிவேகத்தையே தொட்டுவிடும். ஆகவே 2.17 வைத்திருப்பவர் இஞ்சினை 6,000 சுற்றோடு நிறுத்தி, விட்டத்தையும் 68 அங்குலம் போலக் குறைத்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் 0.8-க்கு வரும். 2.85 விகிதம், இஞ்சினைத் தாராளமாகச் சுற்றவிட்டு பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுழற்றுகிறது. மேலெழும்புதலில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் எனக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை.

விட்டத்துக்குத் தரையும் ஒரு எல்லை. வால்சக்கர விமானமானால் வாலைத் தூக்கிச் சமநிலையில் நிறுத்தி, பிளேடு முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள்.

சுழலும் திசையையும் இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். கோள்கியர் அமைப்பில் வெளிவளையத்தைப் பிடித்து நிறுத்தினால் புரொப்பெல்லர் இஞ்சின் சுற்றும் திசையிலேயே சுற்றும். கோள்களைத் தாங்கும் சட்டத்தை நிறுத்தினால் எதிர்த்திசையில் சுற்றும். கியர்பாக்ஸ் செய்தவரிடம் கேட்டு எழுதி வாங்கிய பிறகே புரொப்பெல்லருக்குப் பணம் கட்டுங்கள். திசை மாறிய புரொப்பெல்லரைத் திருப்பி மாட்டிச் சரிசெய்துவிட முடியாது.

படி 3: தொடக்கப் பிட்ச்

பிட்ச் என்பது என்ன? மரத்தில் இறங்கும் திருகாணியைப் போல நழுவாமல் முன்னேறினால், ஒரு சுற்றுக்குப் புரொப்பெல்லர் எத்தனை அங்குலம் முன்னே போகும் என்பதுதான். கணக்கு எளிது: வேகத்தை நாட்டில் எடுத்து 1,215-ஆல் பெருக்கி, புரொப்பெல்லர் சுற்றால் வகுக்க வேண்டும்.

170 × 1,215 ÷ 2,456 = 84 அங்குலம். காற்று மரமில்லை, நழுவும். ஐந்து சதவீதம் நழுவும் என்று வைத்தால் 88 அங்குலத்துக்கு அருகில் வருகிறது. 2.17 விகிதமும் 6,000 சுற்றும் என்றால் இதே கணக்கில் 79 அங்குலம்.

இந்த 88-ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தயாரிப்பாளர் பிட்சைப் பிளேடின் தட்டையான பின்பக்கத்தில் அளக்கிறார். இன்னொருவர் வேறு விதமாக அளக்கிறார். ஒருவரின் 88 இன்னொருவரின் 84 ஆக இருக்கலாம். கணக்கு உங்களைச் சரியான தெருவில் கொண்டுபோய் விடும். வீட்டு எண்ணை நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அதனாலேயே, முதல் விமானத்துக்குத் தரையில் பிட்ச் மாற்றக்கூடிய புரொப்பெல்லரையே வாங்கச் சொல்வேன். நிலையான மரப் புரொப்பெல்லர் அழகு. முதல் கணிப்பு தவறினால் அதைத் திரும்பச் செதுக்க அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

எந்தப் பொருளாக இருந்தாலும் எடை குறைவாக இருக்கட்டும். கனமான உலோகப் புரொப்பெல்லரின் சுழல்நிலைமம் கியர்பாக்ஸ் வழியாக முறுக்கதிர்வுகளைத் தூண்டக்கூடும். கியர்பாக்ஸ் செய்தவர் ஒப்புதல் தராத எதையும் அதில் மாட்டாதீர்கள்.

படி 4: கோணம் வைப்பது

நேரம் செலவிட வேண்டிய இடம் இது. முதலில் இஞ்சினுக்கு உயிர் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள்: மின்கலத்தைத் துண்டித்து, எரிபொருளை அடைத்து, இக்னிஷன் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். முடிந்தால் ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். புரொப்பெல்லரைக் கையால் திருப்புவதும் எளிதாகும்.

தயாரிப்பாளர் கோணத்தை அளக்கச் சொல்லும் இடத்தில் அளவிடுங்கள். பெரும்பாலும் அது ஆரத்தின் முக்கால் பங்கு. 74 அங்குல விட்டத்தில் மையத்திலிருந்து 27.75 அங்குலம். அங்கே காகித நாடா ஒட்டி, பேனாவால் கோடு போடுங்கள். 88 அங்குலப் பிட்சுக்கு அந்த இடத்தில் வேண்டிய கோணம் 26.8 டிகிரி.

வால்சக்கர விமானம் தரையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். டிஜிட்டல் கோணமானியை முதலில் புரொப்பெல்லர் மையத் தகட்டின் முகத்தில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். பிறகே பிளேடில் வையுங்கள். அளக்க வேண்டிய பிளேடு கிடைமட்டமாக இருக்கட்டும். மூன்று பிளேடு இருந்தால் ஒவ்வொன்றையும் அதே பக்கம், அதே நிலைக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும். கியர்ப் பற்களுக்கிடையே தளர்வு உண்டு. எப்போதும் ஒரே திசையில் தள்ளி நிறுத்துங்கள்.

இறுக்கும்போதுதான் ஏமாற்றம் நடக்கும். கோணத்தைத் துல்லியமாக வைத்து, போல்ட்டுகளை இறுக்கி, திரும்ப அளந்தால் 0.3 டிகிரி நகர்ந்திருக்கும். பிடிகள் நெருங்கும்போது பிளேடு தானாகக் கொஞ்சம் திரும்புகிறது. எவ்வளவு திரும்புகிறது என்று ஒருமுறை கண்டுகொண்டால், அந்த அளவை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் விட்டு வைக்கலாம். பிளேடுகளுக்கிடையே வித்தியாசம் 0.2 டிகிரிக்குள் வரும்வரை விடாதீர்கள். அதற்கு மேல் போனால் பறக்கும்போது இருக்கை நடுங்கும். அதைச் சமநிலைக் கோளாறு என்று நினைத்து எடை ஒட்டிக்கொண்டிருப்பீர்கள்.

படி 5: டாக்கோமீட்டர் பொய் சொல்கிறதா?

இந்தப் படியைத் தாண்டிவிட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். டாக்கோமீட்டர் எந்தக் காயிலிலிருந்து துடிப்பு எடுக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு ரோட்டாருக்கும் லீடிங், டிரெய்லிங் என்று இரண்டு ஸ்பார்க் பிளக்குகள்; அவற்றுக்குப் பொறி தரும் காயில்களுக்கும் அதே பெயர். ஆர்எக்ஸ்-7 காலத்து லீடிங் காயில் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது இரண்டு முறை பொறி தரும். டிரெய்லிங் காயில் ஒவ்வொன்றும் ஒரு முறைதான். நான்கு சிலிண்டர் அமைப்பில் வைத்த டாக்கோமீட்டரை டிரெய்லிங் காயிலோடு இணைத்தால் பாதிதான் காட்டும். பாதி என்றால் உடனே தெரிந்துவிடும். ஐந்து சதவீதப் பிழைதான் ஆபத்து. அதைப் பிடிக்க ஒளி டாக்கோமீட்டரால் புரொப்பெல்லரை நேரடியாக அளக்க வேண்டும். இஞ்சின் 5,700 என்றும் புரொப்பெல்லர் 2,000 என்றும் காட்டினால் விகிதம் சரியாக 2.85.

ஒருமுறை கொட்டகை வாசலில் நிறுத்தி அளந்தபோது, திராட்டிலை எப்படி நகர்த்தினாலும் ஒளி டாக்கோமீட்டர் 3,600-ஐ விட்டு அசையவில்லை. கருவி கெட்டுவிட்டது என்று பேட்டரியை மாற்றினேன். அப்போதும் 3,600. பிறகுதான் பார்த்தேன், கருவியின் கண் கொட்டகைக் கூரையிலிருந்த பழைய குழல்விளக்கை நோக்கியிருந்தது. அமெரிக்க மின்சாரத்தில் குழல்விளக்கு நிமிடத்துக்கு 7,200 முறை மினுக்கும். இரண்டு பிளேடு என்று கருவியில் அமைத்திருந்ததால் பாதியாக்கி 3,600 காட்டியிருக்கிறது. நான் அளந்துகொண்டிருந்தது மின்வாரியத்தை! திறந்த வானத்தைப் பின்னணியாக வைத்து அளந்தால் இந்தத் தொல்லை இல்லை.

படி 6: கட்டிவைத்து ஓட்டுவது

வாலை உறுதியான கொக்கியில் கட்டி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்துங்கள். கீழே சரளை இருக்கக்கூடாது. புரொப்பெல்லர் சுழலும் தளத்தில் யாரும் நிற்கக்கூடாது. கழன்ற எதுவும் அந்தத் தளத்திலேயே பறக்கும்.

எண்ணெயும் நீரும் சூடான பிறகு முழுத் திராட்டில் கொடுங்கள். பத்துப் பதினைந்து நொடி போதும். நின்ற இடத்தில் ரேடியேட்டருக்குக் காற்று குறைவு. ரோட்டரியில் எண்ணெயும் வெப்பத்தில் பெரும்பங்கைச் சுமக்கிறது. எண்ணெய் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் திராட்டிலை இழுத்துவிட்டு அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

நிலையான பிட்ச் கொண்ட வேகமான விமானத்தில், நின்ற இடத்தில் கிடைக்கும் சுற்று, பறக்கும்போது கிடைப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம் இருக்கும். நம் இலக்கு 7,000; ஆகவே தரையில் 5,400-இலிருந்து 5,700-க்குள் எதிர்பார்க்கலாம். 5,000-ஐயே எட்டவில்லையா? உடனே பிட்சைக் குறைக்க ஓடாதீர்கள். எரிபொருள் கலவையை முதலில் சரிபாருங்கள். பிறகு இக்னிஷன்: நடுத்தரச் சுற்றில் வைத்து டிரெய்லிங்கை அணைத்தால் சற்றே இறங்க வேண்டும், லீடிங்கை அணைத்தால் அதைவிட நன்றாக இறங்க வேண்டும். இரண்டிலும் ஒன்று ஏற்கெனவே வேலை செய்யாமலிருந்தால் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். சோகையான இஞ்சினுக்குத் தக்கபடி பிட்சைக் குறைத்துவிட்டால், பின்னால் கோளாறு நீங்கும் நாளில் அதே புரொப்பெல்லரில் இஞ்சின் வரம்பை மீறிச் சுற்றும்.

இஞ்சின் நன்றாக இருந்தும் சுற்று வரவில்லை என்றால் பிட்சைக் குறையுங்கள். 5,900-க்கு மேல் போனால் கூட்டுங்கள்.

படி 7: வானில்

அமெரிக்க விமானத்துறையின் நடைமுறைப்படி, வகைச் சான்று பெற்ற இஞ்சின்-புரொப்பெல்லர் இணைக்கு வழக்கமாக 25 மணி நேரச் சோதனைப் பறப்பு. நம்முடையதைப் போன்ற கலவைக்கு 40 மணி நேரம். பிட்ச் வேலைக்கு இந்த நேரமே தாராளம்.

முதல் பறப்பில் பிட்ச் ஆராய்ச்சி வேண்டாம். ஓடுபாதைக்கு மேலேயே உயரம் எடுத்து, சூடு எப்படி ஏறுகிறது என்று மட்டும் பாருங்கள். ஏறும்போது விமான வேகம் குறைவு, இஞ்சின் உழைப்பு அதிகம். குளிரூட்டலின் குறை அங்கேதான் முதலில் தெரியும்.

அளக்கும் நாளில் காலையிலேயே கிளம்பிவிடுங்கள், காற்று அலைக்கழிக்காது. அடர்த்தி உயரம் (காற்றின் அடர்த்தியை வைத்துக் கணக்கிடும் உயரம்) 8,000 அடியில் சமதளத்தில் முழுத் திராட்டில் கொடுத்து, இரண்டு மூன்று நிமிடம் வேகம் நிலைக்கும்வரை பொறுங்கள். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நான்கு திசையிலும் பறந்து, ஜிபிஎஸ் காட்டும் நான்கு வேகங்களின் சராசரியை எடுங்கள். காற்றின் பங்கு பெரும்பாலும் கழிந்துவிடும். சுற்று, உள்வாங்கு குழாய் அழுத்தம், வெளி வெப்பநிலை, எரிபொருள் ஓட்டம் எல்லாவற்றையும் முழங்காலில் கட்டிய பலகையில் எழுதுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் எல்லோரும் திரும்பவும் பறந்திருக்கிறார்கள்.

முழுத் திராட்டிலிலும் 6,400-க்கு மேல் போகவில்லை என்று வையுங்கள். நமக்கு இன்னும் 600 வேண்டும். நம் புரொப்பெல்லரில் ஒரு டிகிரி குறைத்தால் பிட்ச் 3.8 அங்குலம், அதாவது நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைகிறது. நேர்விகிதமாகப் பார்த்தால் இஞ்சின் சுற்று 300 கூட வேண்டும். புரொப்பெல்லர் விழுங்கும் சக்தி சுற்றின் மும்மடியாக ஏறுவதால் உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் கூடும். கணக்கை நம்பி ஒரேயடியாக மூன்று டிகிரி குறைக்காதீர்கள். ஒரு டிகிரி குறைத்து, பறந்து, எழுதுங்கள். இரண்டு புள்ளி கிடைத்ததும் வரைபடத் தாளில் கோடு போட்டால், மூன்றாவது எங்கே விழ வேண்டும் என்று உங்கள் விமானமே சொல்லிவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிட்சையும் இக்னிஷன் நேரத்தையும் ஒரே நாளில் மாற்றியவருக்கு எது என்ன செய்தது என்று கடைசிவரை தெரியாது.

எங்கே நிறுத்துவது?

பிட்சைக் குறைக்கக் குறைக்க ஓடுபாதையில் குறைந்த தூரத்தில் மேலெழும்பும். ஆனால் கொஞ்சம் மூக்கைத் தாழ்த்தினாலே முள் வரம்பைத் தாண்டும். திராட்டிலை இழுத்துப் பிடித்தே பறக்க வேண்டியிருக்கும். சமதளத்தில் முழுத் திராட்டிலில் உங்கள் இலக்கை எட்டி, மெதுவான இறக்கத்தில் இன்னும் சில நூறு சுற்றுக்கு இடமிருந்தால் அதுவே இடம். சிறிய ஓடுபாதையும் கோடை வெயிலும் உள்ள ஊரில் இருப்பவர் இலக்கைவிடச் சற்று அதிகச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். நீண்ட பயணக்காரருக்கும் இதே பிட்ச் பிழையில்லை: திராட்டிலைக் குறைத்து 5,500-இல் பறந்தால் புரொப்பெல்லர் 1,930 சுற்றில் அமைதியாகப் போகும், எரிபொருளும் மிச்சம்.

பறக்கும்போதே பிட்ச் மாற்றும் மின்வகைப் புரொப்பெல்லர்கள் இந்த இழுபறியைத் தீர்க்கும். விலையும் எடையும் கூடும், பழுதாகக்கூடிய பாகம் ஒன்றும் சேரும். முதல் நூறு மணி நேரத்துக்கு எனக்கு அது தேவைப்படவில்லை.

ஐடில் வேகமும் (திராட்டிலை முழுதும் இழுத்துவிட்டபோது இஞ்சின் சுற்றும் வேகம்) பிட்சோடு சேர்ந்ததுதான். அந்த வேகத்தை மிகக் குறைத்தால் கியர்பாக்ஸ் கடகடவென்று தட்டும். அந்தச் சத்தம் வரும் சுற்றில் நிறுத்தி வைக்காதீர்கள். கூட்டினால் தரையிறங்கும்போது புரொப்பெல்லர் தள்ளிக்கொண்டே இருக்கும், விமானம் மிதந்துகொண்டே போகும். 1,700-இல் வைத்தால் புரொப்பெல்லர் 600-ஐ ஒட்டிச் சுற்றும். தட்டல் நிற்கிறதா என்று பார்த்து அங்கிருந்து மேலோ கீழோ நகர்த்துங்கள்.

இறுதிக் கோணம் முடிவானதும் ஒவ்வொரு பிளேடின் கோணத்தையும் தேதி, வெப்பநிலையோடு பதிவேட்டில் எழுதி, பிளேடின் அடிக்கும் மையத்துக்கும் குறுக்கே ஒரு பெயிண்ட் கோடு போடுங்கள். பறப்புக்கு முன் சுற்றிப் பார்க்கும்போது அந்தக் கோடு உடைந்து விலகியிருந்தால் பிளேடு நகர்ந்திருக்கிறது என்று பொருள். முதல் பறப்புக்குப் பிறகு போல்ட் இறுக்கத்தைத் திரும்பச் சோதியுங்கள். மரப் புரொப்பெல்லரானால் பருவம் மாறும்போதெல்லாம் சோதியுங்கள்; ஈரப்பதத்துக்கு மரம் உப்பும், வறட்சிக்குச் சுருங்கும், மார்கழியில் இறுக்கமாக இருந்த போல்ட் சித்திரையில் தளர்ந்திருக்கும்.